அரிசி டப்பாவில் பிழைத்த போன் பத்தாம் நாள் ஏன் செத்தது?

மும்பை செம்பூரிலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்: "ஜூலை மழையில் சயான் ஸ்டேஷன் பக்கம் முழங்கால் தண்ணீரில் போன் விழுந்துவிட்டது. துடைத்து, இரண்டு நாள் அரிசி டப்பாவில் புதைத்து வைத்தேன். மூன்றாம் நாள் உயிர் வந்தது. ஒரு வாரம் ஒழுங்காக ஓடியது. அப்புறம் ஒரு ராத்திரி சார்ஜில் போட்டேன், காலையில் பார்த்தால் பிணம். காய்ந்துபோன பிறகு எப்படிச் சாகும்?"

'காய்ந்துபோன பிறகு' என்கிறாரே, தகராறு அங்கேதான். காய்ந்தது தண்ணீர் மட்டும். தண்ணீரோடு வந்தது உள்ளேயே தங்கிவிட்டது.

சுத்தமான தண்ணீர் மின்சாரத்தைக் கடத்தவே சோம்பல்படும். கடல் நீர் அதைப்போலக் கிட்டத்தட்ட பத்து லட்சம் மடங்கு கடத்தும். வித்தியாசம் முழுக்க உப்பின் கைங்கரியம். சயானில் தேங்கும் தண்ணீரில் சாக்கடை, சோப்பு, சேறு எல்லாமே உண்டு. அது காய்ந்தால் போனுக்குள் இருக்கும் சர்க்யூட் போர்டு மேல் உப்புப் படிவு மிஞ்சும். காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் சாதாரண உப்பு தானாகவே நீரை இழுத்துக் கசியத் தொடங்கும். மழைக்காலத்தில் உங்கள் வீட்டு உப்பு ஜாடியைப் பார்த்தாலே தெரியும். போனுக்குள்ளும் அதே கதைதான். கண்ணுக்குத் தெரியாத ஓர் ஈரப்படலம் வந்து வந்து போகும்.

அரிசியைப் பற்றி இரண்டு வார்த்தை. ஜூலை மாத மும்பையில் அரிசியே ஈரத்தை வாங்கி வண்டு பிடித்துக் கிடக்கிறது. அது போனின் ஈரத்தை எங்கே இழுக்கப் போகிறது? அரிசியில் போடாதீர்கள், துகள் உள்ளே போகும் என்று ஆப்பிள் நிறுவனமே 2024 ஜனவரியில் எழுதிவிட்டது. ஆனாலும் நம்பிக்கை போகாது. லேசாக நனைந்த போன் தானாகப் பிழைக்கும், பெயரை அரிசி தட்டிக்கொண்டு போகும். காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கணக்கு.

சரி, கொலைக்கு வருவோம். போனை அணைத்துவிட்டால் உள்ளே மின்சாரம் இல்லை என்று நினைக்கிறோம். பேட்டரி இணைப்பில் இருக்கும்வரை போர்டின் முக்கிய லைன்களில் ஏறத்தாழ 4 வோல்ட் நின்றுகொண்டேதான் இருக்கும். 4 வோல்ட் அற்பம்தான். ஆனால் பக்கத்துப் பக்கத்துப் பாகங்களுக்கு நடுவே இடைவெளி 0.2 மில்லிமீட்டர் என்று வையுங்கள், மீட்டருக்கு 20,000 வோல்ட் கணக்கில் மின்புலம் கிடைத்துவிடும். நடுவில் உப்பு ஈரம். பள்ளியில் காப்பர் சல்பேட்டை வைத்துச் செய்த மின்னாற்பகுப்பு ஞாபகம் இருக்கிறதா? அதேதான். பிளஸ் பக்கத்து உலோகம் கரைந்து அயனியாக நீந்தி, மைனஸ் பக்கத்தில் மறுபடி உலோகமாகப் படிகிறது. அதுவும் சீராகப் படியாது. எங்கே சிறு முனை துருத்திக்கொண்டிருக்கிறதோ அங்கே மின்புலம் வலு, அங்கேதான் அதிகம் படியும், அதனால் முனை இன்னும் நீளும். இப்படி மைனஸிலிருந்து பிளஸை நோக்கிக் கிளைவிட்டு ஓர் உலோகச் செடி வளர்கிறது. தொட்டதும் ஷார்ட். மெல்லிய கிளை என்றால் ஃபியூஸ் மாதிரி எரிந்துபோகும், போன் ஒருமுறை அணைந்து வரும், நாம் 'ஹேங் ஆகுது' என்போம். மறுபடி வளரும். வாசகரின் போன் அந்த ஒரு வாரம் அநேகமாக இப்படித்தான் காலம் தள்ளியிருக்கும். கூடவே கெப்பாசிட்டர்களுக்குள், அதாவது மின்சாரத்தைச் சற்றே தேக்கி வைக்கும் பொடிப் பாகங்களுக்குள், ஈரம் புகுந்து அவற்றின் அடுக்குகள் உள்ளுக்குள்ளேயே ஷார்ட் ஆவதும் உண்டு.

இதே மாதிரி கேஸ் ஒன்றைத் தாராவி தொண்ணூறு அடி ரோட்டில் ஒரு கடையில் உட்கார்ந்து பார்த்தேன். கடைக்காரத் தம்பிக்குத் திருநெல்வேலிப் பக்கம். திறந்தார், பேட்டரியைக் கழற்றினார், தகர மூடிகளைப் பெயர்த்தார், ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால் ஊற்றி பிரஷ்ஷால் தேய்த்தார். ஆல்கஹாலுக்குப் பரப்பு இழுவிசை தண்ணீரில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை, அதனால் சிப்புக்கு அடியிலும் நுழையும். மல்ட்டிமீட்டரில் மெயின் லைனையும் கிரவுண்டையும் (மைனஸ் பக்கம்) தொட்டதும் 'பீப்'. ஷார்ட்.

இங்கேதான் சிக்கல். அந்த ஒரே லைனில் டஜன் கணக்கில் கெப்பாசிட்டர்கள் பக்க இணைப்பில் தொங்குகின்றன. ஒன்று ஷார்ட் என்றால் எதைத் தொட்டாலும் மீட்டர் பூஜ்யம்தான் காட்டும். குற்றவாளி ஒருவன், கை தூக்குபவர்கள் எல்லோரும். ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் பார்ப்பது குருட்டு வேலை.

தம்பி ஒரு ரோசின் கட்டியை, அதாவது பற்றவைப்பில் பயன்படும் பைன் மரப் பிசினை, எடுத்தார். சால்டரிங் அயர்ன் முனையை அதில் வைத்ததும் வெண்புகை வந்தது. போர்டைப் புகைமேல் காட்டினார். அரை நிமிடத்தில் போர்டு முழுக்கத் திருநீறு பூசியது மாதிரி வெள்ளை. பிறகு பவர் சப்ளையில் 1 வோல்ட் வைத்து மெயின் லைனில் கொடுத்தார். மீட்டர் 2 ஆம்பியர் தாண்டியது. எண்ணி மூன்று விநாடி. அத்தனை வெள்ளைக்கு நடுவே ஒரே ஒரு கெப்பாசிட்டர் மட்டும் திருநீற்றை உதறிவிட்டுப் பளபளவென்று பழுப்பாய் நின்றது.

எனக்குக் கைதட்டத் தோன்றியது. நல்ல கெப்பாசிட்டர் நேர் மின்னோட்டத்தை விடாது. ஆகவே அந்த 2 ஆம்பியரும் செத்த ஒன்றின் வழியாகத்தான் போக வேண்டும். 1 வோல்ட், 2 ஆம்பியர் என்றால் 2 வாட். 0.6 மில்லிமீட்டர் நீளத்தில், கடுகில் பாதிகூட இல்லாத உடம்பில் 2 வாட்! ரோசின் 70, 80 டிகிரியிலேயே இளகிவிடும், இளகினால் வெண்மை போய்க் கண்ணாடி ஆகும். வேடிக்கை என்னவென்றால், 'முழு' ஷார்ட்டைப் பிடிப்பது இதைவிடக் கஷ்டம். தடை அரை ஓம் இருந்தால் சூடு பிறக்கும். ஏறக்குறைய பூஜ்யம் என்றால் அதே 2 ஆம்பியர் சத்தமில்லாமல் கடந்துபோகும், சூடே வராது. ஏன் 1 வோல்ட் மட்டும் என்று கேட்டேன். "ஷார்ட் எங்க இருக்குன்னு தெரியாதுல்லா அண்ணாச்சி. சிபியு லைனா இருந்து நாலு வோல்ட்ட விட்டா, சிப்பு போயிரும். அப்புறம் கஸ்டமர்கிட்ட என்ன சொல்லுவீய?"

அந்தக் கெப்பாசிட்டரைப் பிடுங்கினார். மாற்றுப் போடவில்லை. அங்கே அது போல இன்னும் பல நிற்பதால் ஒன்று குறைந்தால் பெரும்பாலும் ஒன்றும் ஆகாது. மீட்டர் அமைதி. பிறகு மைக்ரோஸ்கோப்பில் ஓர் இடத்தைக் காட்டினார். செம்பில் களிம்பு ஏறுவதுபோலப் பச்சை. "எப்பவும் பிளஸ் பக்கந்தான் அரிச்சிருக்கும், பாத்துக்கிடுங்க. தண்ணி கொல்லல, பேட்டரிதான் கொன்னுருக்கு."

மின்வேதியியல் படிக்காமலே அவர் கண்டுபிடித்திருந்த விதி அது. அதைப் படிப்பதற்கென்றே காரைக்குடியில் மத்திய மின்வேதியியல் ஆய்வகம் இருக்கிறது. 1948இல் அடிக்கல் நாட்டினார்கள். அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்தார். சிப் ஆலைகளுக்கு ஆயிரம் கோடிக் கணக்கில் கொட்டும்போது, நம் கடலோர ஈரத்தில் போர்டு எப்படி அரிக்கிறது என்ற ஆராய்ச்சிக்கும் கொஞ்சம் கிள்ளிக் கொடுக்கலாம் என்பது என் ஆதங்கம். இந்தத் தம்பி மாதிரி ஆட்களுக்கு சர்க்யூட் வரைபடத்தை நிறுவனங்கள் நேரடியாகத் தரலாம் என்பது இன்னோர் ஆதங்கம். இப்போது எங்கிருந்தோ கசிந்து வந்த பி.டி.எஃப்.தான் அவருக்குப் பாடநூல்.

செம்பூர்க்காரருக்கு: உயிர் வருகிறதா என்று சார்ஜரைச் செருகிச் செருகிப் பார்க்காதீர்கள். ஒவ்வொரு செருகலும் அந்தச் செடிக்குத் தண்ணீர் ஊற்றுவது. படங்கள் வேண்டும் என்றால் மெமரி சிப்பை மட்டும் கழற்றிப் படிக்க முடியாது. தகவல் பூட்டப்பட்டிருக்கிறது, சாவி பிராசஸருக்குள் இருக்கிறது, இரண்டும் அதே போர்டில் உயிரோடு வேண்டும். அதனால் முதல் வேலையாகப் பேட்டரி இணைப்பைக் கழற்றச் சொல்லுங்கள். அப்புறம் அந்த டப்பா அரிசி. சயான் தண்ணீர் பட்டது, தயவுசெய்து சோறாக்கிவிடாதீர்கள்.