கணினியைத் திறக்கும் முன் ஒரு கேள்வி

ஆசிரியர்களுக்குத் தொழில்நுட்பப் பயிற்சி நடத்தத் தொடங்கிய புதிதில், ஒரே நாளில் ஏழெட்டு செயலிகளைக் காட்டிவிடுவேன். எல்லோரும் ஆர்வமாகக் குறித்துக்கொள்வார்கள். இரண்டு மாதம் கழித்து வகுப்புகளுக்குப் போனால், புத்தகத்தில் இருந்த வரிகளே ஸ்லைடில் ஏறியிருக்கும். ஆசிரியர் வாசிக்க, பிள்ளைகள் பார்த்து எழுதிக்கொண்டிருப்பார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. எந்தப் பாடத்துக்கு எது, ஏன் என்று நான் சொல்லித்தரவே இல்லை.

இப்போது கணினியைத் திறக்கும் முன் ஒன்று கேட்கிறேன்: உங்கள் பாடத்தில் பிள்ளைகள் வருடா வருடம் தடுமாறுகிற இடம் எது? அறிவியல் ஆசிரியர்கள் பலர் மின்சுற்று என்று எழுதுவார்கள். தொடர் இணைப்பில் முதல் பல்பு மின்னோட்டத்தைக் கொஞ்சம் தின்றுவிடும், மிச்சம்தான் அடுத்த பல்புக்குப் போகும் என்று பிள்ளைகள் நம்புகிறார்கள். எத்தனை முறை மறுத்துச் சொன்னாலும் அந்த எண்ணம் லேசில் போவதில்லை.

சரி, இதற்கு ஃபெட் (PhET) சிமுலேஷன், அதாவது சோதனையைத் திரையிலேயே செய்து பார்க்கும் மென்பொருள், உதவும். நோபல் பரிசு பெற்ற இயற்பியலாளர் கார்ல் வைமன் 2002இல் கொலராடோ பல்கலைக்கழகத்தில் தொடங்கிய திட்டம் அது, இலவசம். திரையில் சுற்றை அமைத்து, பல்புக்கு முன்னும் பின்னும் அம்மீட்டர் வைத்து மின்னோட்டத்தை அளக்கலாம். ஆனால் அளக்கும் முன், என்ன எண் வரும் என்று ஒவ்வொரு பிள்ளையும் நோட்டில் எழுத வேண்டும், பக்கத்தில் இருப்பவரோடு வாதாட வேண்டும். அப்புறம்தான் அம்மீட்டர். இரு பக்கமும் ஒரே எண் வரும்போது, தன் கணிப்பு எங்கே பிசகியது என்று பிள்ளையே யோசிக்கத் தொடங்கும். கணிக்க விடாமல் காட்டினால் அதே சிமுலேஷன் வெறும் வேடிக்கை.

பாட அறிவு, கற்பிக்கும் முறை, தொழில்நுட்பம் மூன்றும் ஆசிரியரிடம் பின்னிக்கொள்ள வேண்டும் என்று கல்வி ஆய்வாளர்கள் புன்யா மிஸ்ராவும் மேத்யூ கோலரும் 2006இல் எழுதினார்கள். நான் பார்த்த பயிற்சிகள் பலவற்றில் மூன்றாவது மட்டும் தனியாக நடக்கிறது.

பயத்தையும் பேச வேண்டும். பல வருடம் நன்றாகப் பாடம் நடத்தியவருக்கு, மாணவர் முன் கருவி தெரியாமல் நிற்பது பெரிய சங்கடம். அதனால் அவருடைய முதல் வகுப்பில் நான் பின்வரிசையில் உட்கார்ந்திருப்பேன். இணையம் நின்றால் என்ன செய்வது என்றும் முன்பே பேசிவைப்போம். ஃபெட்டைப் பதிவிறக்கி வைத்தால் இணையம் இல்லாமலும் ஓடும்.

இரண்டு நாள் பயிற்சி கேட்கும் நிர்வாகங்களிடம் நான் சொல்வது இதுதான்: ஒரு நாள் போதும். மற்ற நாளின் நேரத்தை மாதம் ஒரு மணியாகப் பிரித்துக் கொடுங்கள். ஆசிரியர்கள் தாங்கள் நடத்திப் பார்த்த ஒரு பாடத்தோடு வந்து உட்காரட்டும்.