தேன்சிட்டு குந்த ஒரு கொப்பு

கொழும்பு வெள்ளவத்தை ஒழுங்கைகளில் மதிலுக்கு மேலால் எட்டிப் பார்க்கும் செம்பரத்தையைக் காலையில் கொஞ்சம் கவனியுங்கள். தேன்சிட்டு பெரும்பாலும் பூவின் முன்பக்கம் போகாது. காம்பைப் பிடித்துக்கொண்டு, இதழ்கள் சேரும் அடியில் வளைந்த அலகால் குத்தித் துளை போடும். அப்புறம் நாக்கு உள்ளே போகும். அந்த நாக்கின் ஓரங்கள் இரண்டும் உட்பக்கம் சுருண்டு குழாயாகி இருக்கும், நுனி இரண்டாகப் பிளந்திருக்கும். அதனால்தான் பூவின் ஆழத்தில் கிடக்கும் ஒரு சொட்டுத் தேனும் தப்பாது.

இதில் நான் முக்கியமாகச் சொல்ல வருவது அதன் கால்களைப் பற்றி. அமெரிக்கக் கண்டங்களின் ஓசனிச்சிட்டு அந்தரத்தில் நின்றபடியே தேன் குடிக்கும். நம் தேன்சிட்டும் சில விநாடிகள் அப்படி நிற்கும், ஆனால் அது மிகவும் செலவான வேலை. ஒரு பூவில் கிடைப்பதோ துளித் தேன். பத்துக் கிராம் அளவேயான பறவைக்கு அந்தக் கணக்கு கட்டாது. ஆகவே அது குந்தும், தொங்கும், தேவைப்பட்டால் தலைகீழாகவும் குடிக்கும். பூ மட்டும் இருந்தால் போதாது, பக்கத்தில் கொப்பும் வேண்டும்.

இதை மிக அழகாகக் காட்டும் செடி ஒன்று தென்னாப்பிரிக்காவின் கேப் பகுதியில் இருக்கிறது. ஏறக்குறைய 9000 வகைச் செடிகள் வளரும் இடம் அது. ஃபின்போஸ் என்ற பற்றைக்காடு அங்கேதான். அங்குள்ள பபியானா ரிங்கென்ஸ், சிவப்புப் பூக்களை நிலத்தோடு ஒட்டிப் பூக்கும். நடுவில் பூவே இல்லாத மொட்டைத் தண்டு ஒன்று மேலே நீளும். மரகதப் பச்சைத் தேன்சிட்டு அந்தத் தண்டைப் பிடித்துத் தலைகீழாகக் கவிழ்ந்து குடிக்கும், அப்போது மகரந்தம் அதன் நெஞ்சில் படும். ஆய்வாளர்கள் தண்டை வெட்டிப் பார்த்தார்கள். ஆண் பறவைகளின் வரவு குறைந்தது, அயல் மகரந்தச் சேர்க்கையும் குறைந்தது. 2005இல் இது வெளியானது. பறவை குந்துவதற்கென்றே ஒரு செடி தன் உடம்பில் இடம் ஒதுக்கியிருக்கிறது!

சரி, கொழும்பில்? வெட்சி வேலியைத் தட்டையாக வெட்டிவிடுகிறோம். வெட்சி கொப்பு நுனியில்தான் பூக்கும், எனவே மொட்டும் போய்விடும். பற்றையைத் துப்புரவாக்கிப் புல் பதிக்கிறோம். பெட்டைத் தேன்சிட்டு கூடு கட்டச் சிலந்தி வலை வேண்டும், குஞ்சுகளுக்கு ஊட்டப் பூச்சியும் சிலந்தியும் வேண்டும். தேன் மட்டும் குடித்துக் குஞ்சு வளராது. இவை பூச்சட்டியில் கிடைக்காது, பற்றையில் தாராளமாகக் கிடைக்கும். பெல்லன்வில-அத்திடிய போன்ற ஈரநிலத்து ஓரங்களில் இன்னும் அந்தப் பற்றைகள் மிஞ்சியிருக்கின்றன. தொடர்மாடியில் இருப்பவர்களுக்கு வழியில்லைதான். வளவு உள்ளவர்கள் ஒரு மூலையை மட்டும் கத்தரிக்கோல் படாமல் விட்டுவைக்கலாம். முக்கியமாக, கொப்பு நுனியில் குப்பை மாதிரி ஏதாவது தொங்கினால் அறுத்து எறிய வேண்டாம். பக்கவாட்டில் ஒரு வாசலும் அதற்கு மேல் சின்னத் தாழ்வாரமும் தெரிந்தால், அது தேன்சிட்டின் கூடு.