கச்சான் சுருளில் ஓர் அடையாள அட்டை இலக்கம்

மட்டக்களப்பின் கல்லடிப் பாலத்தடியில் கச்சான் வாங்கினேன். கொறித்து முடித்துச் சுருளை விரித்தால், அது சுனாமிக் காலத்து நிவாரணப் படிவமொன்றின் பக்கம். குடும்பத் தலைவியின் பெயர். கணவர் என்ற இடத்தில் 'காணாமற்போனவர்'. மூன்று பிள்ளைகளின் வயது. ஓரத்தில் நீல மையில் அடையாள அட்டை இலக்கம். எறிய மனம் வரவில்லை. மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டேன்.

பழைய அடையாள அட்டையின் ஒன்பது இலக்கங்களில் முதல் இரண்டு பிறந்த ஆண்டு. அடுத்த மூன்று, அந்த ஆண்டின் எத்தனையாவது நாள் என்பது. பெண்ணென்றால் அதனோடு 500 கூட்டியிருப்பார்கள். எண்ணைப் பார்த்தே பிறந்த நாளைச் சொல்லிவிடலாம். படிவம் 20 வருடம் பழசு. அந்தப் பெண்ணின் பிறந்த நாள் பழசாகவில்லை.

இப்படிப்பட்ட தாள்களுக்கும் தரவுப் பாதுகாப்புச் சட்டம் பொருந்தும் என்றால், "அது கணினிக்கான சட்டம் அல்லவா, ஐயா?" என்று என்னிடம் வரும் சங்கச் செயலாளர்கள் கேட்பார்கள். இலங்கையின் 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் கணினியோடு நிற்கவில்லை. சேகரிப்பது, வைத்திருப்பது, எடுத்துப் பார்ப்பது, பிறருக்குக் கொடுப்பது, அழிப்பது எல்லாம் அதற்குள் அடங்கும். அலுமாரிக்கு மேல் தூசி படிந்து கிடக்கும் படிவக் கட்டுகளை இன்றும் 'வைத்திருக்கிறோம்'. ஆகவே, என் வாசிப்பில், படிவம் எழுதிய ஆண்டு நம்மைக் காப்பாற்றாது. உடல்நலத் தகவலுக்கும் பிள்ளைகளின் தகவலுக்கும் கூடுதல் கவனம் வேண்டும். வீட்டுப் பெட்டியிலுள்ள குடும்பக் கடிதங்களுக்கு இது பொருந்தாது. 2025 மார்ச் 18 இல் நடைமுறைக்கு வரவிருந்த முக்கிய பகுதிகள் தள்ளிப்போயின என்பது உண்மை. தண்டப்பணம் ஒரு கோடி ரூபாய் வரை போகலாம் என்பதும் உண்மை. ஆனால் அந்தப் பெண்ணின் பக்கத்தைக் கச்சான் சுற்றக் கொடுக்காமலிருக்கத் திகதி எதற்கு?

இதைக் கேட்ட ஒருவர், "அப்படியென்றால் எல்லாவற்றையும் எரித்துவிடுகிறேன்" என்றார். பதறிப்போய்த் தடுத்தேன். போரிலும் கடலிலும் காணி உறுதிப்பத்திரத்தைப் பறிகொடுத்த குடும்பங்கள் இங்கே ஏராளம். கடலோர நாவலடியில் குடியிருந்ததற்கு ஒரு பழைய பதிவேட்டின் ஒற்றை வரியே சாட்சியாக இருக்கக்கூடும். அரச அலுவலகமென்றால், 1973 ஆம் ஆண்டின் 48 ஆம் இலக்கத் தேசிய சுவடிகள் காப்பகச் சட்டம் அலுவலகத்தின் விருப்பப்படி அழிக்கவும் விடாது. முதலில் பிரித்துப் பாருங்கள். உரியவருக்குப் பயன்படுவதை அவரிடமே கொடுங்கள். தேவை முடிந்ததைப் பெயரும் இலக்கமும் தெரியாதபடி துண்டுதுண்டாகக் கிழித்து அழியுங்கள். எடைக்குப் போடாதீர்கள்.

மறுநாள் கச்சான் தம்பியிடம் போனேன். மிச்சமிருந்த 17 தாள்களையும் தந்தார். பூட்டிய அலுமாரியில் வைத்திருக்கிறேன். கிராம சேவையாளரின் உதவியோடு தேடியதில் நான்கு பேர் வந்து தங்கள் தாளை வாங்கிப் போனார்கள்.