நிறக்குருடு என்னும் பிழைச்சொல்

நிறம் காணும் திறனை வைத்தே மனிதரைத் தரம் பிரிக்கும் ஒரு கற்பனை நாட்டைப் பற்றிய ஆங்கில நாவலை நண்பர்கள் சிலர் சேர்ந்து படித்து வருகிறோம். அந்த நாட்டில் பெரும்பாலோர் கண்ணுக்கு ஒரு நிறம்தான் தெரியும். மற்றதெல்லாம் சாம்பல். சிவப்பு தெரிந்தவர் ஒரு குலம், நீலம் தெரிந்தவர் இன்னொரு குலம், எதுவும் தெரியாதவர் அடிமட்டம். இருட்டிவிட்டால் யாருக்குமே கண் தெரியாது. இவர்கள் ஏன் இப்படி ஆனார்கள் என்பதை ஆசிரியர் எளிதில் சொல்லிவிடுவதில்லை. ஆகவே ஆளுக்கொரு ஊகம். நோய் என்கிறார் ஒருவர். மரபணுவில் யாரோ கைவைத்திருக்கிறார்கள் என்கிறார் இன்னொருவர். கண்ணின் பாவை சுருங்கிப்போயிருக்க வேண்டும் என்பது மூன்றாமவர் கட்சி. எல்லாம் சுவையான ஊகங்கள். ஆனால் எல்லோரும் தொடங்குவது ஒரே இடத்தில்: "இவர்கள் நிறக்குருடர்கள், சரி, அப்படியென்றால்..." போன வாரம் ஒருவர் 'இரவுக்குருடு' என்றும் எழுதிவிட்டார். அதற்குமேல் என்னால் பொறுக்க முடியவில்லை.

சொற்பிறப்பு நீண்ட கதையல்ல. ஆங்கிலத்தில் கலர் பிளைண்ட்னஸ் என்றார்கள். கலருக்கு நிறம், பிளைண்ட்னஸுக்குக் குருடு என்று இங்கே வைத்துக்கொண்டார்கள். நிறம் பழைய தமிழ்ச்சொல். சங்கப் பாடல்களில் அதற்கு மார்பு என்ற பொருளும் உண்டு. வண்ணம் வர்ணத்தின் வழி வந்தது. நிறம் கையில் இருக்கும்போது வண்ணக்குருடு என்ற இன்னொரு வடிவம் நமக்கு எதற்கு?

இந்தக் கண்ணியல்பை முதலில் விரிவாக எழுதியவர் ஜான் டால்டன். அணுக்கொள்கைக்காக நாம் பள்ளியில் படிக்கும் அதே டால்டன்தான். பகலில் வான்நீலமாகத் தெரிந்த ஒரு ஜெரேனியம் பூ மெழுகுவத்தி வெளிச்சத்தில் சிவப்பாகத் தெரிந்ததை அவர் கவனித்தார். மற்றவர்கள் கண்ணுக்கு அப்படி மாறவில்லை. 1794இல் மான்செஸ்டரில் இதைப் பற்றிக் கட்டுரை படித்தார். தன் கண்ணுக்குள் இருக்கும் நீர்மம் நீலம் பாய்ந்திருக்க வேண்டும் என்று நம்பி, இறந்தபின் கண்ணை அறுத்துப் பார்க்கச் சொல்லிவைத்தார். 1844இல் பார்த்தார்கள், நீர்மம் தெளிவாகவே இருந்தது. பாதுகாத்து வைத்த அந்தக் கண்ணிலிருந்து 1995இல் மரபணுவை ஆராய்ந்தபோதுதான் பச்சைக்குரிய கூம்புச் செல்லின் (விழித்திரையில் நிறத்தை உணரும் செல்) நிறமி அவருக்கு இல்லை என்று தெரிந்தது. பிரெஞ்சுக்காரர்களும் ஸ்பானியர்களும் இந்த இயல்புக்கு அவர் பெயரையே வைத்துவிட்டார்கள். அந்தப் பெயரில் குருடு என்ற பேச்சே இல்லை.

இனி வழக்குக்கு வருகிறேன். டால்டன் குருடரா? அவர் நீலம் கண்டார், மஞ்சள் கண்டார். அவருக்குக் கலங்கியது சிவப்பும் பச்சையும் மட்டும். நம் விழித்திரையில் மூன்று வகைக் கூம்புச் செல்கள் உண்டு. அவற்றில் ஒன்று இல்லாமலோ பிறழ்ந்தோ இருந்தால் சில நிறங்கள் ஒன்றோடொன்று கலந்துபோகும், அவ்வளவுதான். வட ஐரோப்பிய வழி ஆண்களில் ஏறத்தாழ 12 பேரில் ஒருவருக்கும் பெண்களில் 200 பேரில் ஒருவருக்கும் இப்படி உண்டு. அத்தனை பேரையும் குருடர் என்று சொல்ல எப்படி மனம் வருகிறது? மரியாதைக் குறைவு என்பதற்காக மட்டும் சொல்லவில்லை. சொல் தவறான செய்தியைத் தருகிறது. எங்கள் குழுவிலேயே பாருங்கள். 'நிறக்குருடு' என்ற சொல் இருந்ததால், நிஜ உலகில் இந்த இயல்பு உள்ளவர்களும் சாம்பல் உலகத்தில்தான் வாழ்கிறார்கள் என்று பாதிப்பேர் நினைத்துக்கொண்டார்கள். அதை வைத்து, நாவலின் மனிதர்கள் வெறும் பரம்பரைக் குறையுள்ளவர்கள் என்று ஒரு முழு ஊகத்தையே கட்டினார்கள். அந்த ஊகத்துக்கு அடித்தளமே கிடையாது. சிவப்பு மட்டும் தெரிந்து மற்றதெல்லாம் சாம்பலாகத் தெரிவது டால்டனுக்கு இருந்ததற்கு நேர்மாறான ஒன்று.

எந்த நிறமும் தெரியாத கண் நிஜத்தில் உண்டு, ஆனால் அது மிக அரிது. பசிபிக் கடலில் பிங்கெலாப் என்றொரு பவளத்தீவு. 18ஆம் நூற்றாண்டில் ஒரு பெரும்புயலில் தப்பிய சிலரின் வழித்தோன்றல்களே இன்றைய மக்கள். அங்கே நூற்றுக்கு நான்கு முதல் பத்துப் பேருக்கு இது இருக்கிறது. பகல் வெளிச்சத்தில் அவர்களுக்குக் கண் கூசும். மங்கிய ஒளியில் அதைவிட நன்றாகப் பார்ப்பார்கள். குருடு என்ற சொல் அவர்களுக்கும் பொருந்தாது. நிறமறியாமை என்று அதைத் தனியே சொன்னால் குழப்பமே வராது.

அப்புறம், கண்ணின் குறைகளுக்குப் பெயர் வைக்கத் தமிழுக்குத் தெரியாதா? அந்தி சாய்ந்தால் பார்வை மங்குவதற்கு மாலைக்கண் என்றார்கள். இரவுக்குருடு என்று எழுதிய நண்பர் இந்தச் சொல்லைக் கேள்விப்பட்டதே இல்லையாம். நாற்பதைத் தாண்டியவர்களுக்குக் கிட்டத்து எழுத்து வெளிறிப்போவதற்கு வெள்ளெழுத்து. எவ்வளவு நுட்பமான பெயர்கள்! ஒன்று நேரத்தைச் சொல்கிறது, இன்னொன்று பார்க்கிறவருக்கு என்ன தெரிகிறது என்பதைச் சொல்கிறது. இரண்டிலும் குருடு இல்லை.

அதே வழியில் போனால் கிடைப்பது நிறமயக்கம். மயக்கம் என்றால் தலைசுற்றல்தானே என்று கேட்பார்கள், கேட்டும் விட்டார்கள். இலக்கணத்தைத் திறந்து பாருங்கள். ஒரு திணைக்குரியது இன்னொன்றில் வந்து கலந்தால் திணைமயக்கம். ஒரு வேற்றுமையின் இடத்தில் இன்னொன்று வந்தால் வேற்றுமை மயக்கம். தொல்காப்பியத்தில் அதற்கு ஓர் இயலே இருக்கிறது. ஒன்றை மற்றொன்றாக எண்ணிக்கொள்வதைப் பாடினால் மயக்க அணி. பொருள் மயக்கம் என்று இன்றும் எழுதுகிறோம், படிப்பவர் யாருக்கும் தலை சுற்றுவதில்லை. சிவப்பும் பச்சையும் ஒன்றோடொன்று கலந்து தோன்றுவதற்கு இதைவிடப் பொருத்தமான சொல் இரண்டாயிரம் ஆண்டுச் சேமிப்பில் வேறு எங்கே இருக்கிறது? சிவப்பு-பச்சை மயக்கம், நீல-மஞ்சள் மயக்கம் என்று வகைகளையும் எளிதாகப் பிரிக்கலாம்.

நிறப்பார்வைக் குறைபாடு என்று எழுதுகிறவர்களோடு எனக்குப் பெரிய சண்டை இல்லை. சரியான சொல்தான், கண்ணியமானதும்கூட. ஆனால் அது விண்ணப்பப் படிவத்தின் மொழி. நாவலில் ஒரு பாத்திரம் கோபத்தில் அதை வாயால் சொல்லிவிட முடியுமா? "எனக்கு நிறமயக்கம்" என்று யாரும் சொல்லலாம்.

பிளைண்ட் என்று கண்டவுடன் குருடு என்று போடும் பழக்கம்தான் இதற்கெல்லாம் வேர். கண்ணுக்குள் பார்வை நரம்பு கிளம்பும் இடம் குருட்டுப் புள்ளியாம். மருந்தாய்வில் யார் எதைச் சாப்பிடுகிறார் என்பதை இரு தரப்புக்கும் மறைப்பது இரட்டைக் குருட்டு ஆய்வாம். எல்லாவற்றையும்விட என்னை வருத்தியது வேறொன்று. 1896இல் அமெரிக்க உச்ச நீதிமன்றத்தில் இனப் பிரிவினைக்கு எதிராகத் தனித்து நின்று மாறுபட்ட தீர்ப்பு எழுதிய நீதிபதி ஹார்லன், எங்கள் அரசியலமைப்பு நிறம் பார்ப்பதில்லை என்ற பொருளில் இதே கலர் பிளைண்ட் என்ற சொல்லை ஆண்டார். அதை ஒரு மொழிபெயர்ப்பில் 'நிறக்குருடான அரசியலமைப்பு' என்று படித்தேன். உயர்ந்த கருத்து ஒன்று வசைபோல ஆகிவிட்டது. சாதி பாராமல், முகம் பாராமல் என்று நாள்தோறும் சொல்கிற நமக்கு 'நிறம் பாராத' என்று எழுத வராதா? காண்பது வேறு, பார்ப்பது வேறு என்பது தமிழ் பேசும் குழந்தைக்கும் தெரியும்.

நாவலின் மனிதர்களை நான் ஒருநிறக் கண்ணர் என்று குறித்துக்கொண்டேன். இருட்டில் அவர்களுக்கு இருப்பது மாலைக்கண். எழுதி அனுப்பியதும் ஒருவர் கேட்டார்: "அப்படியானால் இரண்டும் ஒரே காரணத்தால் வந்ததாக இருக்குமோ?" குருடு என்ற சொல் விலகியபின் வந்த முதல் நல்ல கேள்வி அது. அதைத்தான் இப்போது விவாதித்துக்கொண்டிருக்கிறோம்.