எதிர்ப்புச் சக்திப் பொடியும் ஒரு தடுப்பூசியும்

கிறிஸ்துமஸ் விடுமுறைக்குக் கன்னியாகுமரி மாவட்டத்தில், தக்கலை பக்கத்தில் உள்ள எங்கள் வீட்டுக்குப் போயிருந்தேன். பையை இறக்கி வைப்பதற்குள் பெரியம்மை ஒரு பிளாஸ்டிக் டப்பாவைக் கொண்டுவந்து முன்னால் வைத்தாள்.

"மக்ளே, நீ இதத்தானே படிச்சிருக்கே. இதத் தின்னா எதிர்ப்புச் சக்தி கூடுமாம். உள்ளதா?"

விலை 1,850 ரூபாய். அண்டி ஆபீசில் முப்பது வருஷம் முந்திரி உடைத்து, தோட்டெண்ணெய் பட்டுக் கறுத்த விரல்கள் அவளுடையவை. அந்தக் காசு எத்தனை நாள் கூலி என்று கணக்குப் போடவே மனம் வரவில்லை. (எங்கள் ஊரில் அம்மாவின் அக்காவைப் பெரியம்மை என்போம். 1796-இல் ஜென்னர் தடுப்பூசி கண்டுபிடித்ததும், 1980-இல் உலகத்தை விட்டே ஒழிந்ததாக அறிவிக்கப்பட்டதுமான நோய்க்கும் அதே பெயர். லேப்பில் இதைச் சொன்னால் தமிழ் தெரிந்தவர்கள் சிரிப்பார்கள்.)

நான் மூலக்கூறு உயிரியல் படித்து, நோய் எதிர்ப்பு மண்டலத்தோடு இருபது வருஷத்துக்கு மேல் குடும்பம் நடத்துகிறவள். டாக்டர் இல்லை, வைத்தியம் சொல்ல மாட்டேன். ஆனால் 'எதிர்ப்புச் சக்தி கூட்டுவது' என்ற பேச்சைக் கேட்கும்போதெல்லாம் மாணவியாக இருந்தபோது நடந்த ஒரு கூத்து நினைவுக்கு வரும்.

ரத்தத்திலிருந்து டி செல் என்ற ஒரு வகை வெள்ளணுக்களைப் பிரித்து, அவற்றைத் தூண்டும் ஒரு ஆன்டிபாடியை (குறிப்பிட்ட இலக்கில் போய் ஒட்டிக்கொள்ளும் புரதம்) சேர்க்க வேண்டும். குறிப்பேட்டில் இருந்த அளவு எனக்குக் கஞ்சத்தனமாகத் தெரிந்தது. கூடப் போட்டால் கூடச் சுறுசுறுப்பாகும் என்று பல மடங்கு போட்டேன். அப்புறம் வந்து பார்த்தால் பாதிக்கு மேல் செத்துக் கிடந்தன. அளவுக்கு மீறித் தூண்டப்பட்ட டி செல் தன்னைத் தானே அழித்துக்கொள்ளும். உடம்புக்குள் அது ஒரு பாதுகாப்பு ஏற்பாடு. எனக்கு மூன்று வார உழைப்பு போயிற்று.

மனிதர்களிடமும் ஒருமுறை இது நடந்தது. 2006 மார்ச்சில் லண்டனில் டி.ஜி.என் 1412 என்ற மருந்தை ஆரோக்கியமான ஆறு ஆண்களுக்குச் சோதனையாகக் கொடுத்தார்கள். டி செல்களை நேரடியாக முடுக்கிவிடும் மருந்து. விலங்குகளுக்கு ஒன்றும் செய்யாத அளவில் 500-இல் ஒரு பங்குதான் கொடுத்தார்கள். சில மணி நேரத்தில் ஆறு பேருக்கும் உறுப்புகள் ஒவ்வொன்றாகத் தடுமாற ஆரம்பித்து, தீவிர சிகிச்சைப் பிரிவுக்குப் போனார்கள். உயிர் பிழைத்தது அதிர்ஷ்டம். எதிர்ப்புச் சக்தி நிஜமாகவே கூடினால் அப்படித்தான் இருக்கும். டப்பாவில் உள்ள பொடி அதைச் செய்வதில்லை என்பது ஒரு வகையில் நல்லதுதான்.

சரி, அந்த மண்டலத்தின் வேலைதான் என்ன? ஆள் அடையாளம் பார்ப்பது. நுண்ணோக்கியில் டி செல்லையும் புற்றுநோய்ச் செல்லையும் ஒரே தட்டில் விட்டுப் பல இரவுகள் பார்த்திருக்கிறேன். டி செல் சின்னது. பெரிய செல்லின் மேல் ஊர்ந்து தடவிப் பார்க்கும். தனக்குத் தெரிந்த புரதத் துணுக்கு மேற்பரப்பில் இல்லையென்றால் விலகிப் போய்விடும். இருந்தால் அப்படியே ஒட்டி நிற்கும். கொஞ்ச நேரத்தில் பெரிய செல்லின் ஓரமெல்லாம் கொதிக்கும் கஞ்சி மாதிரிக் குமிழ் விடும், சுருங்கும். டி செல் கழன்று அடுத்ததைத் தேடிப் போகும். எத்தனை தரம் பார்த்தாலும் அலுக்காத காட்சி.

புற்றுநோய் நம் சொந்தச் செல்லிலிருந்தே பிறப்பதால் அடையாளம் காண்பது கஷ்டம். கண்டுகொண்டாலும் சில புற்றுநோய்ச் செல்கள் டி செல்லின் பிரேக்கை மிதித்துவிடும். பி.டி-1 என்பது அப்படியொரு பிரேக், சி.டி.எல்.ஏ-4 இன்னொன்று. அதிலிருந்து காலை எடுக்க வைக்கலாம் என்று காட்டிய தசுகு ஹோஞ்சோ, ஜேம்ஸ் அலிசன் இருவருக்கும் 2018-இல் நோபல் பரிசு கிடைத்தது. நம் ஊர்க்காரர்கள் திருவனந்தபுரம் ஆர்.சி.சி. புற்றுநோய் ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டு வந்து 'இம்யூனோதெரபி' என்று சொல்வது பெரும்பாலும் இந்த வகை மருந்தைத்தான்.

இங்கே ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்ல வேண்டும். நிலத்தை விற்று இந்த மருந்துக்குப் பணம் சேர்க்கலாமா என்று கேட்டு எனக்கு போன் வருகிறது. மருந்து எல்லாருக்கும் கேட்காது. கட்டித் திசுவில் பி.டி-எல்1 (பி.டி-1 பிரேக்கை மிதிக்கும் புரதம்) அளவு, எம்.எஸ்.ஐ (செல்லின் டி.என்.ஏ-வில் பிழைகள் குவிந்திருக்கின்றனவா என்பது) மாதிரியான பரிசோதனைகள் எதற்கென்றால், யாருக்குப் பலிக்க வாய்ப்பு அதிகம் என்று பார்க்கத்தான். அந்த ரிப்போர்ட் என்ன சொல்கிறது என்று டாக்டரிடம் முதலில் கேளுங்கள். பத்திரத்தை அப்புறம் எடுக்கலாம். பிரேக் விட்டதால் குடல், தைராய்டு, நுரையீரல் என்று சொந்த உறுப்புகளையே டி செல் தாக்குவதும் உண்டு. ஆகவே வயிற்றுப்போக்கோ மூச்சிரைப்போ வந்தால் 'சாப்பாடு ஒத்துக்கல' என்று கஷாயம் குடித்துவிட்டுப் படுக்கக் கூடாது, அன்றைக்கே சொல்லிவிட வேண்டும்.

கார்-டி என்ற சிகிச்சை வேறு. நோயாளியின் டி செல்லையே வெளியே எடுத்து, எதைத் தேட வேண்டும் என்ற மரபணுவை அதற்குள் வைத்துத் திருப்பி ஏற்றுவது. ஐஐடி பாம்பேயும் டாடா மெமோரியலும் சேர்ந்து உருவாக்கிய நெக்ஸ்கார்19-க்கு 2023 அக்டோபரில் இந்தியாவில் அனுமதி கிடைத்தது. ஆன்டிபாடி செய்யும் வெள்ளணுவான பி செல்லில் வரும் சில ரத்தப் புற்றுநோய்களுக்கு மட்டும்.

பெரியம்மையிடம் இவ்வளவும் சொல்லவில்லை. மரச்சீனியும் சாளை மீன் கறியும் சாப்பிட்டுக்கொண்டே அவள் மகளிடம், அதாவது என் தங்கச்சியிடம், வேறொன்று கேட்டேன். "பிள்ளைக்கு ஹெச்.பி.வி. ஊசி போட்டாச்சா?" கருப்பை வாய்ப் புற்றுநோயைத் தடுக்கும் ஊசி அது. மகளுக்குப் பன்னிரண்டு வயது.

"அத போட்டா பின்ன பிள்ளை பிறக்காதாமே, அக்கா?"

நான் லேப்பில் முதன்முதலில் வளர்த்தது ஹீலா செல். 1951-இல் அமெரிக்காவில் கருப்பை வாய்ப் புற்றுநோய் வந்த ஹென்ரியெட்டா லாக்ஸ் என்ற பெண்ணிடமிருந்து, அவரிடம் கேட்காமலே எடுத்த செல்கள். 37 டிகிரியில், இளஞ்சிவப்புத் திரவத்தில் வளரும். திரவம் மஞ்சளானால் தீனி மாற்ற வேண்டும் என்று அர்த்தம். அவர் இறந்து எழுபது வருஷம் தாண்டியும் அவை பெருகிக்கொண்டே இருக்கக் காரணம், உள்ளே ஹெச்.பி.வி. 18 என்ற வைரஸின் மரபணு உட்கார்ந்திருப்பது. அது ஈ6, ஈ7 என்று இரண்டு புரதங்களைச் செய்கிறது. செல் பெருகாமல் அடக்கி வைக்கும் காவல் புரதங்களை இவை முடக்கிவிடும். கருப்பை வாய்ப் புற்றுநோயில் சுமார் 70 சதவீதம் இந்த 18-உம் இதன் சகோதரன் 16-உம் செய்கிற வேலை. கண்டுபிடித்த ஹரால்ட் சுர் ஹௌசனுக்கு 2008-இல் நோபல்.

தடுப்பூசியில் இந்த வைரஸ் இல்லை. அதன் மேல்தோட்டுப் புரதம், எல்1, மட்டும் இருக்கிறது. 360 எல்1 மூலக்கூறுகள் தாமாகவே கூடி ஒரு வெற்று உருண்டையாகிவிடும். உள்ளே மரபணு கிடையாது. முந்திரிப் பருப்பை எடுத்துவிட்ட தோடு மாதிரி. கருப்பையையோ சினைப்பையையோ தொட அதற்கு வழியில்லை. தோட்டைப் பார்த்து உடம்பு ஆன்டிபாடி செய்து வைத்துக்கொள்ளும். நிஜ வைரஸ் வரும்போது வாசலிலேயே பிடித்துவிடும்.

வாசலில்தான். செல் புற்றாக மாறியபின் அதில் மேல்தோட்டுப் புரதம் இருக்காது, ஈ6-உம் ஈ7-உம் மட்டும்தான். அதனால் நோய் வந்தவருக்கு இந்த ஊசி பயன்படாது. 9 முதல் 14 வயதில் போடச் சொல்வது இதனால்தான், வைரஸைச் சந்திப்பதற்கு முன். அந்த வயதில் ஆறு மாத இடைவெளியில் இரண்டு ஊசி. ஒன்றே போதும் என்று பல நாடுகள் மாறிவிட்டன. 15 தாண்டினால் மூன்று. இந்தியாவில் செய்த செர்வாவேக் ஊசியும் கிடைக்கிறது. அரசுத் திட்டத்தில் உண்டா என்று உங்கள் பகுதிச் சுகாதாரச் செவிலியரிடம் கேளுங்கள். 30 வயது கடந்த பெண்களுக்கு ஊசி இல்லாவிட்டாலும் ஆரம்ப சுகாதார நிலையத்தில் கருப்பை வாய்ப் பரிசோதனை உண்டு: நீர்த்த அசிட்டிக் அமிலத்தைத் தடவி ஒரு நிமிஷம் பார்ப்பார்கள், மாறிய இடம் வெளுத்துத் தெரியும். வைரஸ் தொற்றிலிருந்து புற்றுநோய் வர பெரும்பாலும் பதினைந்து, இருபது வருஷம் ஆகும். அவ்வளவு அவகாசம் கொடுக்கிற புற்றுநோய் வேறு அதிகமில்லை.

தங்கச்சி தலையாட்டினாள். பிள்ளை "வலிக்குமா பெரியம்மே?" என்று என்னிடம் கேட்டது. கொஞ்சம் வலிக்கும் என்றேன். பொய் சொன்னால் அடுத்த ஊசிக்கு வரமாட்டாள்.

ஆனால் வெற்றிலை, புகையிலை போடுவதால் வரும் வாய்ப் புற்றுநோய்க்கு எந்தத் தடுப்பூசியும் இல்லை. நம் மாவட்டத்துக்கு இது புதுச் செய்தியும் இல்லை. நெய்யூர் மிஷன் ஆஸ்பத்திரியில் இருந்த டாக்டர் பென்டால் 1908-லேயே, நம் மாவட்டமும் அப்போது சேர்ந்திருந்த திருவிதாங்கூரில் கண்ட 1,700 புற்றுநோய்களைத் தொகுத்து பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் எழுதினார். 1933-இல் லான்செட் இதழில் திருவிதாங்கூரின் வெற்றிலை போடுகிறவர்களுக்கு வரும் வாய்ப் புற்றுநோயைப் பற்றியே தனிக் கட்டுரை வந்தது.

பெரியம்மை சாப்பிட்டு முடித்து வெற்றிலைச் செல்லத்தை எடுத்தாள். புகையிலையும் சேர்த்துத்தான் போடுவாள். சும்மா, வாயைத் திறக்கச் சொல்லி போன் டார்ச்சை அடித்தேன். இடது கன்னத்தின் உள்பக்கம், விரல் நகம் அளவுக்கு ஒரு வெள்ளைப் படை. துணியால் துடைத்தேன், போகவில்லை.

"எப்ப இருந்து இது?"

"அது கெடக்கு ஒரு வருஷமா. காரம் பட்டா காந்தும். அதுக்குத்தானே மக்ளே இந்தப் பொடி."

இப்படிப்பட்ட படை எல்லாமே புற்றுநோயாகிவிடாது, சில ஆகும். எது என்று என் கண்ணுக்கோ டார்ச்சுக்கோ தெரியாது, சிறு துண்டு எடுத்துப் பரிசோதித்தால்தான் தெரியும். திங்கட்கிழமை காலை ஆசாரிப்பள்ளம் அரசு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். ஓ.பி. சீட்டுக்கு நல்ல வரிசை. நிற்கும்போதுதான் பார்த்தேன், டாக்டரிடம் காட்ட வேண்டும் என்று அந்த டப்பாவையும் பையில் எடுத்து வந்திருந்தாள்.