பியர்டட் டிராகன் குட்டி வளர்க்கிறீர்களா? முதலில் விளக்கைப் பாருங்கள்

சிட்னியின் மேற்குப் புறநகர்களில் நம் தமிழ்க் குடும்பங்களிலும் பியர்டட் டிராகன் என்ற ஊர்வன வகைப் பிராணியை வளர்க்கிறார்கள். நாய்க்கு இடமில்லை, பூனை என்றால் அம்மாவுக்கு அலர்ஜி, பிள்ளையோ விடுவதாக இல்லை, கடைசியில் ஒரு கண்ணாடித் தொட்டியும் உள்ளங்கையில் அடங்கும் குட்டி ஒன்றும் வீட்டுக்கு வந்துவிடுகின்றன. நல்ல தேர்வுதான். சாதுவான பிராணி, நம்மூர் ஓணானின் குடும்பம், ஒழுங்காக வளர்த்தால் பத்து வருடம்கூட இருக்கும். ஆனால் ஊர்வனவற்றுக்கு வைத்தியம் பார்க்கும் கால்நடை மருத்துவராகச் சொல்கிறேன், என்னிடம் வரும் குட்டிகளில் பெரும்பாலானவற்றுக்கு நோய் வந்தது தொட்டியின் அமைப்பால். அதனால்தான் குட்டியைக் கையில் எடுப்பதற்கு முன்பே "தொட்டியைப் படம் எடுத்து வந்தீர்களா?" என்று கேட்கிறேன்.

"ரெண்டு நாளா சாப்பிடல டாக்டர், மத்தபடி நல்லாத்தான் இருக்கான்" என்பார்கள். மேசையில் விட்டால் நெஞ்சைத் தூக்கி நிற்க முடியாமல் வயிற்றால் இழுத்துக்கொண்டு நகரும். பின்னங்கால் விரல்கள் தானாகத் துடிக்கும். கீழ்த்தாடையை விரலால் லேசாக அழுத்தினால் எலும்பு இருக்க வேண்டிய இடம் ரப்பர் மாதிரி வளையும். எக்ஸ்ரே எடுத்தால் எலும்புக்கும் சதைக்கும் வித்தியாசமே சரியாகத் தெரியாது. இது இரண்டு நாளில் வந்ததல்ல, வாரக்கணக்கில் உள்ளுக்குள் நடந்தது.

நடப்பது இதுதான். வெயிலில் உள்ள புற ஊதா பி கதிர் தோலில் பட்டால்தான் இந்தப் பிராணியின் உடலில் வைட்டமின் டி3 போதுமான அளவு உருவாகும். அந்த டி3 இல்லாவிட்டால் தின்கிற கால்சியம் குடலிலிருந்து ரத்தத்துக்குப் போகாது. ரத்தத்தில் கால்சியம் குறைந்தால் தசையும் இதயமும் இயங்காது என்பதால், பாராதைராய்டு சுரப்பி எலும்பிலிருந்து கால்சியத்தை உருவி ரத்தத்துக்குக் கொடுக்க ஆரம்பிக்கிறது. முட்டையிலிருந்து வெளிவரும்போது சுமார் பத்து சென்டிமீட்டர்தான், ஒரு வருடத்துக்குள் நாற்பது சென்டிமீட்டரைத் தாண்டிவிடும் உடல் இது. எலும்பு வேகமாக வளர வேண்டிய அதே மாதங்களில் எலும்பே கரைகிறது. சீக்கிரம் கொண்டுவந்தால் கால்சியம் மருந்து, சரியான விளக்கு, சூடு என்று காப்பாற்றிவிடலாம், ஆனால் ஒருமுறை வளைந்துபோன தாடையும் முதுகெலும்பும் பழையபடி நேராவதில்லை.

சரி, விளக்கில் என்ன தப்பு நடக்கிறது? "லைட் இருக்கே டாக்டர்" என்று காட்டுவது பல நேரம் வெறும் சூட்டு பல்பு, அதில் புற ஊதா பி கிடையாது. சிலர் ஜன்னலோரம் வைத்திருக்கிறோம், நல்ல வெயில் வருகிறது என்பார்கள். ஜன்னல் கண்ணாடி அந்தக் கதிரை ஏறக்குறைய முழுவதும் தடுத்துவிடும், உள்ளே வருவது வெளிச்சம் மட்டும்தான். இன்னும் சிலர் புற ஊதா பி தரும் சரியான டியூப்பையே வாங்கி, இரண்டு வருடமாக மாற்றாமல் வைத்திருப்பார்கள். டியூப் பளிச்சென்றுதான் எரியும், ஆனால் கதிர் எப்போதோ குறைந்திருக்கும், அதைக் கண்ணால் கண்டுபிடிக்கவே முடியாது. மாட்டிய தேதியை மார்க்கரால் டியூப்பின் ஓரத்திலேயே எழுதிவிடுங்கள், தயாரிப்பாளர் சொன்ன கெடு வந்ததும் (பொதுவாக ஆறு மாதம் முதல் ஒரு வருடம்) எரிந்துகொண்டிருந்தாலும் மாற்றிவிடுங்கள். சின்ன சுருள் பல்பை விட, தொட்டியின் பாதி நீளத்துக்காவது வரும் டி5 (T5) என்ற மெல்லிய புற ஊதா பி டியூப்தான் என் சிபாரிசு. தொட்டியின் மேல்வலைக்கு வெளியே டியூப்பை வைத்தால் வலையும் கதிரில் கணிசமான பங்கைத் தின்றுவிடும், ஆகவே தூரத்தை விளக்கின் பெட்டியில் உள்ளபடி பார்த்து அமையுங்கள். வெயில் இருக்கும் நாளில் வெளியே கொண்டுபோவது எந்த விளக்கையும் விட நல்லது, ஆனால் நிழலும் உள்ள கம்பிக்கூண்டில் வைத்து, பக்கத்திலேயே இருங்கள். கண்ணாடித் தொட்டியோடு வெயிலில் வைத்தால் கொஞ்ச நேரத்திலேயே வெந்துவிடும்.

சூடும் அதே அளவுக்கு முக்கியம். தொட்டிக்குள் சூட்டு பல்புக்கு அடியில் வெயில் காயும் இடத்தின் மேற்பரப்பு குட்டிக்கு 40 டிகிரி செல்சியஸை ஒட்டி இருக்கட்டும், தொட்டியின் மறுமுனை 25-ஐ ஒட்டி இருக்கட்டும், தேவைப்படும்போது அதுவே இடம் மாறிக்கொள்ளும். கையால் தொட்டு "சூடாத்தான் இருக்கு" என்று சொல்லாதீர்கள், இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டர் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். சூடு போதவில்லை என்றால் தின்றது செரிக்காமல் வயிற்றிலேயே கிடக்கும். சூடேறும் கல் விற்பார்கள், வேண்டவே வேண்டாம், அடிவயிறு வெந்து வந்த குட்டிகளைப் பார்த்திருக்கிறேன். தரையில் மணலும் வேண்டாம், "கால்சியம் மணல்" என்று பாக்கெட்டில் எழுதியிருந்தாலும் குடலில் அடைப்பதில் அது ஒன்றும் குறைந்ததல்ல. கிச்சன் பேப்பர் போதும்.

சாப்பாட்டுக்கு வருகிறேன். குட்டிக்குப் பூச்சிதான் பிரதானம், ஒரு நாளைக்கு இரண்டு மூன்று வேளை, பத்துப் பதினைந்து நிமிடத்தில் தின்கிற அளவு. பூச்சியின் நீளம் குட்டியின் இரு கண்களுக்கு நடுவே உள்ள இடைவெளியைத் தாண்டக் கூடாது. கிரிக்கெட் பூச்சியில் கால்சியத்தை விடப் பாஸ்பரஸ் பல மடங்கு அதிகம், அதனால் பாஸ்பரஸ் கலக்காத கால்சியம் பொடியில் புரட்டிப் போட வேண்டும். மிச்சப் பூச்சியை எடுத்துவிடுங்கள், ராத்திரியில் அவை குட்டியைக் கடிக்கும்.

நம் வீடுகளில் மட்டும் நான் பார்க்கும் ஒரு விஷயம் கீரை. கீரை என்றாலே சத்து என்று நாம் வளர்ந்தவர்கள், அதனால் தண்டுக்கீரையும் பாலக்கும் தினமும் நறுக்கிப் போடுகிறார்கள். அவற்றில் ஆக்ஸலேட் அதிகம், அது கால்சியத்தைப் பிடித்து வைத்துக்கொண்டு உடலில் சேரவிடாது. பாக் சோய், எண்டிவ், டேண்டிலயன் இலை கொடுங்கள். அவகாடோ கொடுக்கவே கூடாது, அது விஷம். மின்மினிப்பூச்சியும் அப்படித்தான், ஒன்றைத் தின்றாலே செத்துப்போகும்.

அப்புறம், இரண்டு குட்டிகளை ஒரே தொட்டியில் போடாதீர்கள். ஒன்று கையைத் தூக்கி மெல்ல ஆட்டும்போது "பாருங்க, டாட்டா காட்டுது" என்று வீடியோ எடுத்து அனுப்புகிறார்கள். அது பெரியதிடம் "நான் உனக்கு அடங்கினவன், என்னை விட்டுவிடு" என்று காட்டும் சைகை. அடங்கியது விளக்கடிக்கு வராது, சாப்பாட்டுக்கும் முந்தாது, மெலிந்துகொண்டே போகும். விரலையும் வால் நுனியையும் கடித்துத் துண்டாக்குவதும் நடக்கும், பல்லிக்கு வளர்வது போல இதற்கு வால் திரும்ப வளராது.

குட்டியைக் கையாண்டால் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள், சால்மொனெல்லா கிருமி நல்ல ஆரோக்கியமான குட்டியிலும் இருக்கும். ஐந்து வயதுக்குக் கீழே பிள்ளைகள் உள்ள வீட்டில் ரொம்பக் கவனம் வேண்டும், தொட்டிப் பாத்திரங்களைச் சமையலறை சிங்க்கில் கழுவாதீர்கள். நியூ சவுத் வேல்ஸில் இதை வளர்க்க உரிமம் வேண்டும், காட்டில் பிடித்து வருவது குற்றம்.

வாரம் ஒருமுறை கிராம் காட்டும் தராசில் எடை போட்டு எழுதி வையுங்கள். வளரும் குட்டியின் எடை ஏறாமல் நின்றாலே, துடிப்போ நடுக்கமோ வரும்வரை காத்திருக்காமல் அழைத்து வாருங்கள். வரும்போது அன்றைய மலம் கொஞ்சம் டப்பாவில் (காக்சிடியா போன்ற ஒட்டுண்ணி இருக்கிறதா என்று பார்க்க), தொட்டியின் படம், விளக்கின் பெட்டி, எடை எழுதிய தாள், இவ்வளவும் இருந்தால் முதல் பத்து நிமிடத்திலேயே பாதி விஷயம் தெரிந்துவிடும். ஜூலை மாதக் குளிரில் வருகிறீர்கள் என்றால் முதலில் காரில் ஹீட்டரைப் போட்டுச் சூடாக்கிவிட்டு, அப்புறம் குட்டியை எடுத்து வாருங்கள்.