சாலையில் நம்மைப் பதியும் கேமராக்கள்: கடலோர வாகன ஓட்டிகள் கேட்க வேண்டிய கேள்விகள்

இராமநாதபுரம் நீதிமன்றத்தில் வழக்கறிஞராகத் தொழில் செய்யும் எனக்கு, வாகனத் தணிக்கை தொடர்பாக ஆலோசனை கேட்டு வரும் கட்சிக்காரர்களின் பேச்சில் ஒரு முரண் தொடர்ந்து தென்படுகிறது. உச்சிப்புளியிலோ தேவிபட்டினத்திலோ வண்டியை ஓரங்கட்டச் சொல்லி ஆர்.சி. புத்தகத்தைக் கேட்ட காவலர் மீது அவர்களுக்குக் கடுங்கோபம் இருக்கிறது. அதே சாலையில் கம்பத்தின் மேலிருந்து வண்டி எண்ணைப் பதிவு செய்யும் கேமராவைப் பற்றிக் கேட்டால், "அது இருந்தால் நல்லதுதானே சார்" என்கிறார்கள். நிறுத்திக் கேட்ட காவலர் ஐந்து நிமிடத்தில் அனுப்பிவிடுகிறார். கேமரா எடுத்த பதிவு யாரிடம் இருக்கிறது, எத்தனை காலம் இருக்கும், அதை யாரெல்லாம் திறந்து பார்ப்பார்கள் என்பது வண்டி ஓட்டியவருக்குத் தெரிவதே இல்லை. கோபப்பட வேண்டிய இடத்தை விட்டுவிட்டு வேறிடத்தில் கோபப்படுகிறோம் என்பது என் கருத்து.

இந்தக் கரையில் கண்காணிப்பு புதிதல்ல என்பதையும் சொல்ல வேண்டும். தனுஷ்கோடியிலிருந்து தலைமன்னார் சுமார் 30 கிலோமீட்டர் தொலைவுதான். கடல் அட்டையும் பீடி இலையும் மஞ்சளும் கஞ்சாவும் அக்கரைக்குப் போவதும், தங்கம் இக்கரைக்கு வருவதும் நாளிதழ் படிக்கும் எல்லாரும் அறிந்ததே. அதனால் உள்ளூர்க் காவல்நிலையம், மரைன் போலீஸ், காவல்துறையின் உளவுப் பிரிவான கியூ பிரிவு, சுங்கத்துறை, வனத்துறை என்று ஒரே சாலையைப் பல துறைகள் பார்த்துக்கொண்டிருக்கின்றன. விசைப்படகில் போகிறவர் மீன்வளத்துறையிடம் டோக்கன் வாங்கிக்கொண்டுதான் கடலுக்குள் இறங்குகிறார். 2008 மும்பைத் தாக்குதலுக்குப் பிறகு மீனவர்களுக்குப் பயோமெட்ரிக் அடையாள அட்டையும் வந்தது. செப்டம்பர், அக்டோபர் மாதங்களில் பரமக்குடியில் இமானுவேல் சேகரன் நினைவு நாள், பசும்பொன்னில் தேவர் குருபூஜை ஆகியவற்றை ஒட்டித் தடை உத்தரவு வரும்போது, எந்த வண்டி எந்தப் பாதையில் போகலாம் என்பதற்கே அனுமதிச் சீட்டு தேவைப்படுகிறது. இப்படிக் கணக்கில் வைக்கப்பட்டே பழகிய மக்கள், "மடியில் கனமில்லை என்றால் வழியில் பயமில்லை" என்று சொல்வதில் வியப்பில்லை. ஆடு திருடியவனும் சங்கிலி பறித்தவனும் கேமராவால் பிடிபட்டதைப் பார்த்தவர்களிடம் அதை மறுத்துப் பேசுவது எளிதுமல்ல.

ஆனால் மடியில் கனமே இல்லாத ஒருவருக்கு என்ன நேரும் என்பதற்கு, என்னிடம் வந்த ஒரு மீன் வண்டி உரிமையாளரின் அனுபவத்தைச் சொல்கிறேன். மண்டபத்திலிருந்து மதுரைக்கு ஐஸ் பெட்டியில் மீன் ஏற்றிச் செல்லும் அவர், எஃப்.சி. என்னும் வாகனத் தகுதிச் சான்று எடுக்கப் போன இடத்தில்தான் தன் வண்டியின் பேரில் இ-சலான் (மின்னணு அபராத ரசீது) நிலுவை இருப்பதை அறிந்தார். ஆர்.சி.யில் இருந்தது பழைய கைபேசி எண் என்பதால் குறுஞ்செய்தி எதுவும் அவருக்கு வந்து சேரவில்லை. குற்றம், கோயம்புத்தூரில் ஒரு சிக்னலில் தலைக்கவசம் அணியாமல் சென்றது. அபராதம் 1,000 ரூபாய். நான்கு சக்கர வண்டிக்குத் தலைக்கவசமா என்று சிரித்துக்கொண்டே இணையதளத்தில் இருந்த புகைப்படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தோம். அதில் இருந்தது ஒரு ஸ்கூட்டர். அதன் எண் பலகையில் டிஎன் 66 என்றிருந்ததில், கடைசி ஆறின் இடப்பக்கக் கீழ்வளைவைப் பலகையை இறுக்கிய போல்ட்டின் துரு மூடியிருந்தது. கேமரா அதை ஐந்து என்று படித்து, கோவை வண்டியை நம் மாவட்டத்தின் டிஎன் 65 ஆக்கிவிட்டது. மீதி எழுத்துகளும் எண்களும் அப்படியே ஒத்துப்போயின. புகைப்படத்தைச் சுட்டிக்காட்டி மனுப் போட்டதும் சலான் ரத்தானது.

அந்த மனிதர் அபராதத்தைக் காட்டிலும் வேறொன்றுக்குத்தான் பயந்தார். "நான் கோயம்புத்தூர் போனதே இல்லை, ஆனால் போனதாக அரசாங்கக் கம்ப்யூட்டர் சொல்கிறதே" என்றார். அந்தப் பயம் நியாயமானது. சலான் என்பதால் புகைப்படம் அவர் கண்ணுக்குக் கிடைத்தது, தவறைத் திருத்த முடிந்தது. இதே தவறு, நள்ளிரவில் வேதாளை பக்கம் கடல் அட்டை ஏற்றிய வண்டியைத் தேடும் விசாரணையில் நேர்ந்திருந்தால், அந்தப் பதிவு முதலில் போயிருக்கும் இடம் விசாரணை அதிகாரியின் மேசை. வண்டிக்காரர் அதைப் பார்ப்பது கைதான பிறகாக இருந்திருக்கலாம்.

சட்டம் இதில் எங்கே நிற்கிறது? கரக் சிங் வழக்கில் 1962இல் உச்ச நீதிமன்றம், காவலர்கள் இரவில் வீட்டுக் கதவைத் தட்டிச் சோதிப்பதைச் செல்லாது என்றது; ஆனால் ஒருவர் எங்கே போகிறார், வருகிறார் என்று பின்தொடர்ந்து குறித்துவைப்பதை அனுமதித்தது, அந்தரங்கம் அடிப்படை உரிமையல்ல என்றும் சொன்னது. நீதிபதி சுப்பாராவ் அன்றே மாறுபட்டார். அரை நூற்றாண்டுக்கும் மேல் கழிந்து, 2017 ஆகஸ்ட் 24 அன்று புட்டசாமி வழக்கில் ஒன்பது நீதிபதிகள் அமர்வு, அந்தரங்கம் அரசமைப்பின் 21ஆம் பிரிவுக்குள் அடங்கும் அடிப்படை உரிமை என்று ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. பொது இடத்தில் இருக்கிறார் என்பதாலேயே ஒருவர் அந்தரங்கத்தை இழந்துவிடுவதில்லை என்று அத்தீர்ப்பில் சொல்லப்பட்டதைத்தான் வாகன ஓட்டிகள் நினைவில் வைக்க வேண்டும். அரசு அதில் தலையிடுவதானால் அதற்குச் சட்டம் வேண்டும், முறையான நோக்கம் வேண்டும், நோக்கத்துக்கு மிஞ்சாத அளவும் வேண்டும்.

வேகம், சிக்னல், தலைக்கவசம் ஆகியவற்றைக் கேமரா கொண்டு கண்காணிக்க, மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019 திருத்தத்தால் வந்த 136ஏ பிரிவும், 2021 ஆகஸ்டில் வந்த 167ஏ விதியும் இருக்கின்றன. கருவிக்கு அங்கீகாரச் சான்று வேண்டும், கேமரா இருக்கிறது என்ற எச்சரிக்கைப் பலகை தெரியும்படி இருக்க வேண்டும், குற்றம் நடந்த 15 நாட்களுக்குள் அறிவிப்பு அனுப்ப வேண்டும், சலான் முடியும்வரை பதிவைப் பாதுகாக்க வேண்டும் என்று அந்த விதி அறிவிக்கப்பட்டபோது வகுத்தது. இது குற்றம் செய்த வண்டிக்கான ஏற்பாடு. ஒரு குற்றமும் செய்யாமல் கடந்துபோன ஆயிரக்கணக்கான வண்டிகளின் நடமாட்டப் பதிவை மட்டும் முறைப்படுத்தும் தனிச்சட்டம் நம்மிடம் இல்லை. 2023 தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் குற்றத் தடுப்பு, விசாரணை ஆகியவற்றுக்குப் பெரும் விலக்கு அளித்துவிட்டது. அரசிடம் இருந்தால் பத்திரம் என்று நம்புகிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன்: வாகனப் பதிவு, ஓட்டுநர் உரிமத் தரவுகளைத் தனியாருக்கு வழங்கியதில் 65 கோடி ரூபாய் வருவாய் வந்ததாக ஒன்றிய அரசே 2019 ஜூலையில் நாடாளுமன்றத்தில் தெரிவித்தது, அந்தக் கொள்கை 2020இல் கைவிடப்பட்டது.

தணிக்கையில் நிற்கும்போது என்ன செய்வது என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். சீருடையில் உள்ள காவல் அலுவலர் கேட்டால் உரிமத்தைக் காட்டியே ஆக வேண்டும். மோட்டார் வாகனச் சட்டத்தின் 130ஆம் பிரிவு அது. டிஜிலாக்கரில் இருப்பதைக் காட்டினாலும் செல்லும். கைபேசியைத் திறந்து வாட்ஸ்அப்பைக் காட்டு என்பது வேறு விஷயம். அந்தச் சட்டத்தின் எந்தப் பிரிவும் அந்த அதிகாரத்தைத் தரவில்லை. குறிப்பிட்ட வழக்கின் விசாரணைக்காகச் சோதனையிட, தேடும் பொருள் அங்கே இருக்கும் என்று நம்புவதற்கான காரணத்தை அதிகாரி எழுத்தில் பதிய வேண்டும். 2024 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 105ஆம் பிரிவு, சோதனையையும் கைப்பற்றுதலையும் ஒலி ஒளிப் பதிவு செய்யச் சொல்கிறது. வாக்குவாதம் செய்யாமல், "எந்த வழக்குக்காக, ஐயா?" என்று மரியாதையாகக் கேளுங்கள். அரியமான் கடற்கரைக்கு ஜோடியாகப் போய் மிரட்டப்பட்டுத் திரும்பும் இளைஞர்களுக்கும் இதுவே என் பதில்.

முகத்தைப் படம் எடுப்பதைப் பற்றி யாரும் புகார் சொல்வதில்லை, எனக்கோ அதுதான் பெரிதாகப் படுகிறது. இரவு ரோந்தில் நிறுத்தப்படுகிறவரின் முகத்தைக் காவலர் கைபேசியில் எடுத்து முக அடையாளச் செயலியில் ஒப்பிடுகிறார். 2022 குற்றவியல் நடைமுறை (அடையாளம் காணல்) சட்டம், தண்டிக்கப்பட்டவர், கைதானவர் போன்றோரிடம் புகைப்படம், விழித்திரைப் பதிவு எடுக்க அனுமதித்து, அவற்றை 75 ஆண்டுகள் வைத்திருக்கச் சொல்கிறது. கடையை மூடிவிட்டு வீடு திரும்பும் டீக்கடைக்காரர் அந்தப் பட்டியலில் எங்குமே வரமாட்டார். தமிழகக் காவல்துறையின் முக அடையாள இணையதளம் 2024 மே மாதம் ஊடுருவப்பட்டதைக் காவல்துறையே ஒப்புக்கொண்டதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

கேமராவே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. விபத்து வழக்குகளில் இடித்துவிட்டு ஓடிய லாரியைக் கண்டுபிடித்துக் கொடுத்ததும் அதே கேமராதான். பழைய பதிவின் மேல் புதியது ஏறி அழிந்துவிடும் என்பதால், விபத்து நடந்த அன்றோ மறுநாளோ பதிவைப் பாதுகாக்கச் சொல்லிக் காவல்நிலையத்துக்கு எழுத்தில் கொடுத்து ரசீது வாங்குங்கள். ஆர்.சி.யில் உங்கள் இப்போதைய கைபேசி எண் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

நம் ஊர்களில் பாதிக் கேமரா ஜமாத்தும் வியாபாரிகள் சங்கமும் கிராமக் கமிட்டியும் வசூல் செய்து வைப்பவை. அவற்றின் பாஸ்வேர்டு யாரிடம் என்று கேட்டால், "நம்ம பையன்தான் பார்க்கிறான்" என்பார்கள். மனைவி எந்த நேரத்தில் யாருடைய வண்டியில் போனாள் என்று அந்தப் பையனிடம் கேட்டு வாங்கிய பதிவை, விவாகரத்து வழக்கில் சாட்சியமாக்க முடியுமா என்று என் மேசையில் கொண்டுவந்து வைத்தவர் உண்டு. கீழக்கரை பக்கம் ஒரு சங்கத்தார் வசூலுக்கு முன் ஆலோசனைக்கு வந்தபோது, ஒரு பக்கத் தீர்மானம் எழுதிக் கொடுத்தேன்: பதிவு 30 நாளுக்கு மேல் இருக்கக் கூடாது, பாஸ்வேர்டு இரண்டு நிர்வாகிகளிடம் மட்டும், காவல்துறை எழுத்தில் கேட்டால்தான் நகல், கொடுத்த ஒவ்வொன்றும் பதிவேட்டில் ஏற வேண்டும். "போலீஸிடமே எழுதிக் கேட்கச் சொல்வதா?" என்று இரண்டு பெரியவர்கள் முகம் சுளித்தார்கள். தீர்மானம் நிறைவேறிவிட்டது, பதிவேடு எழுதத்தான் இன்னும் ஆள் அமையவில்லையாம்.